வேப்பிலை கட்டிய வாசல்

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு நேரங்கள் இருந்தன. சுவர்க் கடிகாரத்தில் தோக்கியோ நேரம். குழந்தையின் வயிற்றில் சூரியனுடைய நேரம். ஜப்பானியர் கோலாலம்பூருக்குள் வந்ததும் ஊரிலுள்ள கடிகாரங்களையெல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டார்கள். என் கணவர் ரயில்வே பட்டறைக்குக் கிளம்பும்போது வெளியே கும்மிருட்டாக இருக்கும். மரவள்ளிக் கிழங்கை அவித்துக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, விடிந்துவிட்டதா, இனிமேல்தான் விடிய வேண்டுமா என்று புரியாமல் அடுப்படியில் உட்கார்ந்திருப்பேன். குழந்தையோ தோக்கியோவுக்குக் கட்டுப்படவில்லை. அவளுக்குப் பசிக்கும்போது மணி என்ன என்று பார்த்து நான் குழம்புவேன்.

சண்டை தொடங்குவதற்கு முந்தைய சில மாதங்களில்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மடியில் கைக்குழந்தையோடு வந்திருந்தேன். இங்கே பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒரு வீடு. முதலில் இந்த ஊர்த் தமிழே எனக்குப் பிடிபடவில்லை. சந்தை என்பது பாசார். ஊர்ப்புறம் என்பது கம்பம். பக்கத்து வீட்டு அக்கா கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய கணவர் ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுபவர். அக்கா ஒரே மூச்சில் மூன்று பாஷை பேசுவார். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குள் வந்து, எதற்குச் சம்மதித்தோம் என்று யோசிப்பேன். மலாய் கொஞ்சம் காதில் நிற்கத் தொடங்கியபோது நிப்பொன்கோ வந்து சேர்ந்தது. ஜப்பானிய மொழிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

அருகிலிருந்த தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர்கள் போதவில்லை. நான் ஊரில் ஆசிரியப் பயிற்சி முடித்தவள் என்று யாரோ சொல்ல, பள்ளியின் தலைமையாசிரியர் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அன்று நானும் என் கணவரும் பேசியது இப்போதும் நினைவிருக்கிறது.

"உனக்கு விருப்பமா?"

"உங்களுக்கு?"

"நான் உன்னத்தான கேக்குறேன்."

"நீங்க சொன்னா போறேன்."

"நீ சொன்னாத்தான நான் சொல்ல முடியும்?"

கடைசிவரை யார் சொன்னோம் என்று தெரியாமலே நான் வேலைக்குப் போகத் தொடங்கினேன். குழந்தையையும் கூடவே தூக்கிக்கொண்டு போவேன். சின்ன வகுப்பின் மூலையில் பாயில் உட்கார்ந்து அவளும் பாட்டுச் சொல்வாள்.

காலையில் பிள்ளைகளும் நாங்களும் தோக்கியோ இருக்கும் திசையை நோக்கிக் குனிந்து வணங்க வேண்டும். திசை தப்பாமல் இருக்கத் தலைமையாசிரியர் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் ஓர் அம்புக்குறி போட்டு வைத்திருந்தார். அவர் கணித்தது சரிதானா என்று ஒவ்வொரு நாளும் எனக்குச் சந்தேகம். தப்பாக இருந்தால் இத்தனை நாள் யாரை வணங்கியிருக்கிறோம்? குனிவதும் எனக்குச் சரியாக வரவில்லை. நம் பழக்கம் கைகூப்புவது. இடுப்பை மடக்கிக் குனிந்தால் முந்தானை சரியும். அதைப் பிடிக்கப் போனால் கை அசையும். கை அசைந்தால் மரியாதைக் குறைவு. பாலத்தருகே நிற்கும் ஜப்பானியக் காவல் சிப்பாய்க்கும் குனிந்துவிட்டுத்தான் கடக்க வேண்டும்; அங்கே இன்னும் சங்கடம். இடுப்பில் குழந்தையோடு குனிய முடியாது. இறக்கிவிட்டால் அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு சிப்பாயின் முகத்தையே பார்ப்பாள். நான் குனிந்தபடியே அவள் பிடரியில் கைவைத்து அழுத்துவேன். கையை எடுத்ததும் தலை நிமிர்ந்துவிடும். ஒரு தடவைகூட அவள் தானாகக் குனிந்ததில்லை.

பிற்பகலில் ஆசிரியர்களுக்கு நிப்பொன்கோ வகுப்பு. சொல்லிக்கொடுக்க வந்தவர் ஒல்லியான இளைஞர். சிப்பாய் இல்லை, ஆனால் சிப்பாய் நிறத்தில்தான் உடுத்தியிருப்பார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காம்பை நூலால் கட்டியிருந்தார். அவரைச் சென்செய் என்று அழைக்க வேண்டும். சென்செய் என்றால் ஆசிரியர். வகுப்புக்கு வராமல் போனவர்கள் மறுநாள் முன்னால் வந்து நின்று, ஏன் வரவில்லை என்று நிப்பொன்கோவில் சொல்ல வேண்டும் என்பது அவருடைய விதி. சொல்லத் திணறினால் திட்டமாட்டார். பேசாமல் காத்திருப்பார். அது திட்டுவதைவிட மோசம்.

அந்த மொழி எனக்கு எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக வந்தது. நாம் பேசுவது போலவே செயலைக் கடைசியில் சொல்கிறார்கள். 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்பதை அதே வரிசையில் அடுக்கினால் சரியாக இருக்கும். இவ்வளவு சுலபமாக வருகிறதென்றால் எங்கோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்து, சரியாக எழுதியதையும் அழித்து மாற்றி எழுதித் தப்பாக்குவேன்.

ஒரு நாள் வகுப்பில் சென்செய் ஏதோ நீளமாகச் சொல்ல, தலைமையாசிரியர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். உடம்பில் கொப்புளத்தோடு காய்ச்சல் கண்ட யாராவது வீட்டில் இருந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். லோரி வந்து அவர்களை ஊருக்கு வெளியே ஒதுக்குக் கொட்டகைக்கு ஏற்றிப் போகும். அந்தக் கொட்டகையைப் பற்றி எங்கள் வரிசை வீடுகளில் ஏற்கெனவே பேச்சிருந்தது. பெரியவர்கள் சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். குழந்தை திரும்பி வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அதற்குச் சில நாள் கழித்து என் கணவரை ஈப்போவுக்கு அப்பால் ஒரு பாலத்து வேலைக்கு அனுப்பினார்கள். எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அவர் போன மறுநாள் குழந்தைக்கு உடம்பு சுட்டது. அதற்கு அடுத்த நாள் காலையில் முதுகில் நாலைந்து கொப்புளங்கள்.

அக்காவைக் கூப்பிட்டேன். அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சட்டையத் தூக்கு தங்கச்சி, பாப்போம்." பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முத்துப் போட்டிருக்கா. வா தாயி. வந்த மாதிரியே குளுந்து போயிடு தாயி."

"அக்கா, இது சின்னதா, பெரிசா?"

"வாயக் கழுவு. வந்து உக்காந்தவகிட்ட நீ சின்னவளா பெரியவளான்னா கேப்பே?"

பள்ளியில் சுகாதாரப் பாடம் நடத்துகிறவள் நான். அம்மை என்பது தொற்றும் நோய் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் அக்கா அப்படிச் சொன்னதும் நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அம்மை என்றால் அம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அதை நோய் என்று சொல்லக் கூடாது. தாளிக்கக் கூடாது. தாய் தலைவாரக் கூடாது. வெளியாள் உள்ளே வரக் கூடாது. உள்ளே இருப்பவர் வெளியே போகக் கூடாது. மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை குழந்தை வாசற்படியைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் எனக்குக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் தெரிந்திருந்தது. கொட்டகையும் தெரிந்திருந்தது.

அக்கா கோயிலடி மரத்திலிருந்து வேப்பிலைக் கொத்துகளோடு வந்தார். பாதியைக் குழந்தையின் படுக்கையில் பரப்பினார். மீதியை என் கையில் கொடுத்து, வாசலில் கட்டச் சொன்னார்.

"உள்பக்கமா கட்டட்டுமா அக்கா? வெளிய கட்டினா ரோட்டுல போறவன் எல்லாம் பாப்பானே."

"நல்லாருக்கே. வந்தவள ஒளிச்சு வெக்கப் போறியா?"

"லோரி வந்தா?"

அக்கா எதிர்வீட்டைப் பார்த்தார். பிறகு, "உன் மக கூட வெளயாட எதிர்வீட்டுதுங்க நாலும் ஓடியாருமே, அதுங்கள யாரு நிறுத்துறது? நீ ஒவ்வொண்ணாப் புடிச்சிக் காதுல சொல்லுவியா? எலதான் சொல்லணும்" என்றார்.

அது நியாயம். வெளியே கட்டினேன். கட்டிவிட்டு, ரோட்டில் நின்று பார்த்தேன். மிக நன்றாகத் தெரிந்தது. அவிழ்த்து நிலையின் ஓரத்தில் கட்டினேன். அங்கே தெரியவே இல்லை. எதிர்வீட்டுப் பிள்ளைகளை நினைத்து மறுபடி நடுவில் கட்டினேன். அக்கா தன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "அவளுக்கே தலை சுத்தி எறங்கிப் போயிடுவா போல" என்றார்.

வேலைக்குப் போகாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். போனால் வகுப்பிலுள்ள குழந்தைகளுக்கெல்லாம் இதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். மதியத்தில் தலைமையாசிரியரே வந்தார். வேலிப் படலுக்கு வெளியே நின்றபடி வேப்பிலையைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. அப்படியே திரும்பிப் போனார். மறுநாளும் வந்து, அதே இடத்தில் நின்று மெதுவாகச் சொன்னார்.

"சென்செய் கேட்டவர், ஏன் அந்த டீச்சர் வரேல்லை எண்டு. உண்மையைச் சொன்னா லொறி வரும். அதுதான் வீட்டில அம்மனுக்கு விசேஷம் எண்டு சொல்லிப்போட்டன். பயப்பிடாதையும்."

பயப்படாதே என்று சொன்னவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். பொய் என்றும் சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது. நன்றி சொல்வதா, இப்படிச் சொல்லியிருக்க வேண்டாமே என்பதா என்று தெரியாமல் நான் அவருக்கும் குனிந்து வணங்கிவிட்டேன். பழக்க தோஷம்.

அந்தப் பொய் இரண்டு நாள்தான் தாங்கியது. கொப்புளங்கள் முகத்துக்கு ஏறிய அன்று, ஜன்னலோரம் படுத்திருந்த குழந்தையை வேப்பிலைக் கொத்தால் வருடிக்கொண்டிருந்தேன். வெளியே தலைமையாசிரியரின் குரல்.

"டீச்சர், ஒருக்கா வெளியால வாரும்."

வாசலுக்கு வந்தேன். அவர் பக்கத்தில் சென்செய் நின்றிருந்தார், கையில் துணியில் முடிந்த ஒரு சின்னப் பொட்டலத்தோடு. வேப்பிலையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். முதுகு வளையாமல், இடுப்பிலிருந்து, எங்களுக்கு வகுப்பில் காட்டிக்கொடுத்த அதே அளவில், எங்கள் வாசலை நோக்கிக் குனிந்து வணங்கினார்.

தலைமையாசிரியர் உதட்டை அசைக்காமல் பேசினார். "விசேஷம் பாக்க ஆசையாம். தங்கட ஊரிலையும் பண்டிகைக்கு வாசலில இலை கட்டுவினமாம். வேண்டாமெண்டு சொல்ல ஏலுமோ?"

சென்செய் படியில் உட்கார்ந்து காலிலிருந்த சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

என் தலை வாரப்படவில்லை. கையெல்லாம் மஞ்சள். பண்டிகை நடத்துகிற வீட்டுக்காரி இப்படியா இருப்பாள்? அவர் உள்ளே வந்தால் நாலு எட்டில் குழந்தை. ஒரு ஜப்பானியரை வாசலில் மறிப்பதா? மறித்தால் அடிப்பாரா? மறிக்காவிட்டால் லோரியா? ஒன்றையும் முடிவு செய்யாமலே என் இரண்டு கைகளும் நிலையின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருந்தன.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு சப்பாத்து கையில் இருந்தது. வகுப்பில் போலவே, பேசாமல் காத்திருந்தார்.

எனக்குச் சொல் தெரியும். நோய் என்பதற்குப் 'பியோகி' என்று அந்த மாதந்தான் படித்திருந்தோம். ஒரே சொல்லில் விஷயம் முடிந்துவிடும். ஆனால் அம்மன் உள்ளே படுத்திருக்கிறாள். என் குழந்தையின் முகத்தில் இருக்கிறாள். அந்தச் சொல்லை அவள் காதில் விழச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்தப் பாஷையில் சொன்னாலும் அவளுக்குப் புரியுமே என்று அப்போது தோன்றியது. படித்தவள் நான்.

"கொதொமோ" என்றேன். குழந்தை. பிறகு, "கமிசாமா" என்றேன். தெய்வம். இரண்டையும் இணைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. மஞ்சள் கையால் வேப்பிலையையும் உள்ளேயும் காட்டினேன்.

உள்ளேயிருந்து, "அம்மா, அரிக்குது" என்று ஒரு குரல் வந்தது.

சென்செய் தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் தூரத்தில் தெரிந்த தண்டவாளத்தைப் பார்த்தார். பிறகு சென்செய் என்னிடம் நீளமாக ஏதோ சொன்னார். கோபமான குரல் இல்லை. அன்பான குரல் என்றும் சொல்ல முடியாது. பாடம் நடத்துகிற குரல். அதில் எனக்குப் பிடிபட்டவை இரண்டே சொற்கள். ஒன்று 'கொதொமோ'. மற்றது 'அஷிதா'. அஷிதா என்றால் நாளை.

அவர் கயிற்றைக் கட்டாமலே சப்பாத்துக்குள் காலை நுழைத்தார். பொட்டலத்தைப் படியில் வைத்தார். எழுந்து நின்று, வந்தபோது குனிந்ததைவிட ஆழமாக இன்னொரு தரம் குனிந்தார். வேப்பிலைக்கா, எனக்கா, கதவுக்குப் பின்னால் இருந்தவளுக்கா என்று தெரியவில்லை. முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடந்து படலைத் தாண்டினார். மரியாதைக்காகவா, தொற்றுக்குப் பயந்தா என்பதும் தெரியவில்லை.

"சார், என்ன சொன்னார்? நாளைக்கு என்ன?"

"அவ்வளவு வேகமாச் சொன்னா எனக்கெங்க பிள்ளை விளங்கும்? உமக்குத்தான் என்னைவிட வடிவா வரும்" என்று சொல்லிக்கொண்டே தலைமையாசிரியர் அவர் பின்னால் ஓடினார்.

அக்கா வந்து பொட்டலத்தைப் பிரித்தார். "சீனி! தங்கச்சி, வெள்ளச் சீனி! கண்ணால பாத்து எவ்வளவு நாளாச்சு!" அவர் ஒரு துகளை நாக்கில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்தச் சீனியும் பயமாக இருந்தது. பண்டிகைக்குக் கொண்டுவந்த சீனியா? விஷயம் தெரிந்ததும் திருப்பி எடுத்துப் போயிருக்கலாமே? பிள்ளையைக் கொண்டு போகப் போகிறவன் சீனி வைத்துவிட்டுப் போவானா? கொண்டு போகப் போவதால்தான் வைத்தானா?

"கிள்ளான்ல எங்கண்ணன் வீடு இருக்கு" என்றார் அக்கா. "சாயங்கால ரயில்ல தூக்கிட்டுப் போயிடு. யாருக்கும் தெரியாது."

"முத்தோட படி தாண்டலாமா அக்கா?"

"தாண்டக் கூடாது."

"அப்ப இருக்கட்டுமா?"

"லோரி வந்துட்டா?" அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். "போன்னும் சொல்ல முடியல, இருன்னும் சொல்ல முடியல. உன்கூடப் பழகிப் பழகி நானும் உன்ன மாதிரியே ஆயிட்டேன் பாரு."

குழந்தையின் இரண்டு சட்டைகளையும் என் புடவை ஒன்றையும் மூட்டை கட்டினேன். ரயிலில் யாராவது முகத்தைப் பார்த்தால்? அவிழ்த்தேன். கிள்ளான் ரயில் கூவிக்கொண்டு போவது கேட்டதும் மறுபடி கட்டினேன். நாளை என்று சொன்னாரே, அது எந்த நாளை? தோக்கியோவில் நாளை இங்கே எப்போது தொடங்குகிறது? அக்கா சீனியில் பானகம் கரைத்து அம்மனுக்கு வைத்துவிட்டு, குழந்தைக்கு ஊட்டினார். காய்ச்சல் கண்டதிலிருந்து எதையும் சரியாக விழுங்காதவள் அதைக் குடித்து முடித்து, இன்னும் கேட்டாள்.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் தெருமுனையில் லோரி நின்றது.

நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். அக்கா என் வாசலில் வந்து நின்றுகொண்டார். லோரியிலிருந்து ஓர் ஆள் குதித்தார். லோரி அவரை விட்டுவிட்டு, பின்னால் இருந்த சிப்பாய்களோடு பட்டறைப் பக்கம் போய்விட்டது. வந்தவர் காக்கி அரைக்கால் சட்டை போட்ட தமிழர், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர். கையில் பை.

"வேப்பில கட்டின வூடு இதானே? பாத்துட்டு வரச் சொன்னாங்க."

"யாரு சொன்னா?" என்றார் அக்கா.

"மேல."

"மேலன்னா ஆகாசத்துலயா?"

"அக்கா, வெயில்ல நிக்கிறேன். கொஞ்சம் நவுருங்க."

நான் கதவிடுக்கில் கேட்டேன். "கொண்டு போகவா வந்திருக்கீங்க?"

"எத?"

"குழந்தைய."

அவர் என்னைப் பார்த்தார். "எங்கம்மா கொண்டு போறது? அங்க பாய் விரிக்கவே எடம் இல்ல." குழந்தையை வாசல் வெளிச்சத்தில் காட்டச் சொன்னார். புஜத்தில் அம்மை குத்தின தழும்பைத் தேடிப் பார்த்தார். முகத்தில் இருந்ததையும் வயிற்றில் இருந்ததையும் பார்த்தார். "தண்ணி முத்துதான். பெரிசு இல்ல. இங்கயே கெடக்கட்டும். அந்த எல வாடிப் போச்சு பாருங்க, புதுசு மாத்துங்க. அது இருந்தா எவனும் உள்ள வர மாட்டான்." அக்கா கொடுத்த தண்ணீரைப் படியில் நின்றே குடித்துவிட்டுப் போனார்.

எனக்கு அழுகை வந்தது; எதற்கென்று தெரியவில்லை. அன்று மூட்டையை அவிழ்த்தவள் மறுபடி கட்டவில்லை.

மூன்றாம் தண்ணீர் ஊற்றுவதற்கு முதல் நாள் என் கணவர் வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தச் சென்செய் வேவு பாக்கத்தான் வந்திருப்பான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சீனி குடுத்தான்ல?" என்றார். 

வெயிலில் சூடேறிய மஞ்சள் நீரை ஊற்றிக் குழந்தையைக் குளிப்பாட்டிய பிறகு வேலைக்குத் திரும்பினேன். வகுப்பில் முன்னால் நின்று சொல்வதற்காக ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். சென்செய் என்னைக் கூப்பிடவில்லை. மழையைப் பற்றியும் காற்றைப் பற்றியும் சொற்கள் சொல்லிக்கொடுத்தார். அடுத்த நாளும் கூப்பிடவில்லை. விதியை மறந்தாரா, என்னை மன்னித்தாரா, என்னைப் பார்க்கவே அஞ்சினாரா? சில வாரங்களில் அவரை எங்கோ மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்தவர் திணறியவர்களை அறைந்தார்.

சண்டை முடிவதற்குள் என் நிப்பொன்கோ ஓரளவு தேறிவிட்டது. அப்போதெல்லாம் அவர் வாசலில் சொன்ன அந்த நீளமான வாக்கியத்தைத் திரும்பக் கேட்டுப் பார்க்க முயல்வேன். நாளை ஆள் அனுப்புகிறேன் என்றாரா? நாளைக்குள் எங்காவது போய்விடு என்றாரா? செயலைச் சொல்லும் கடைசிச் சொல்தான் வேண்டும். அதுதான் காதில் நிற்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய அந்த முதல் நாள் காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தோக்கியோ நேரப்படி தாமதமாகிவிட்டது. வாசலில் காய்ந்த வேப்பிலை இன்னும் தொங்கியது. அவிழ்ப்பதா, அக்காவைக் கேட்டுவிட்டு அவிழ்ப்பதா என்று நான் நின்றுகொண்டிருந்தேன். குழந்தை படியிறங்கி, திரும்பி நின்று, கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து, இடுப்பிலிருந்து நன்றாகக் குனிந்து, இலைகளை வணங்கினாள். சிப்பாயிடம் ஒருநாளும் குனியாத தலை.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"கண்ணாடி மாமா" என்றாள். "ஜன்னல்ல பாத்தேன்."

நம் சாமியை அப்படிக் கும்பிடக் கூடாது, கைகூப்ப வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள், நான் ஏன் குனியவில்லை என்பது போல. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இலையை அவிழ்க்காமலே பள்ளிக்குக் கிளம்பினேன்.